கண்டாக்கையா வீட்டுப் பவளங்கள்

மீன்தொட்டிக் கடை நடத்துகிறவளிடம் வாரத்துக்கு ஒருவராவது வந்து, "அறுக்குளா கிலோ என்ன விலை?" என்று கேட்டே தீருவார். கண்ணாடிக்குள் நீந்துகிறவை கறிக்கு அல்ல என்று சொன்னால், "அப்ப எதுக்கு?" என்பார். பதுளைக் கடைவீதியில் நான் கடை வைத்திருந்த காலம் முழுவதும் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கடையைத் தொடங்கியவர் என் கணவர். அவர் போன பிறகும் தொட்டிகளில் காற்றுக்குமிழ் வந்துகொண்டே இருந்தது. மோட்டாரை அணைக்கக் கை வரவில்லை. கல்லூரியில் தமிழும் சரித்திரமும் படித்த நான் அப்படித்தான் மீன்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

தங்கமீன் வாங்க ஆள் உண்டு. உப்புநீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்ப்பவர்கள் ஊவா மாகாணம் முழுவதும் தேடினாலும் மிகச் சிலர். கல்பவளத்தைக் கடலிலிருந்து பெயர்க்கச் சட்டம் விடாது. எனக்கு வந்தவை, கொழும்பில் ஒருவர் தொட்டியிலேயே வளர்த்து நறுக்கித் தந்த மெத்தென்ற வகைகள்: தோல்பவளம், காளான்பவளம், பொத்தான்பவளம். விரல் நுனி அளவுத் துண்டுகள். அவற்றைப் பசையாலும் சாந்தாலும் பாறையில் இருத்த வேண்டும்; இருத்திய கை தெரியக் கூடாது; பார்க்கிறவர் அது அங்கேயே பிறந்தது என்று நம்ப வேண்டும். அதுதான் என் தொழில்.

விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு, முழங்கை வரை உப்புப் பூத்து, நேர்த்தியாக இருத்திய துண்டு மறுநாள் காலை தொட்டியின் அடியில் குப்புறக் கிடப்பதைப் பார்த்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இது உங்களுக்காகத்தான். எத்தனையோ வீடுகளில் பவளம் இருத்தினேன். மனதில் தங்கியது ஒரு வீடு.

கடல் கேட்டு வந்தவர்

சண்டை நின்று வடக்குப் பாதைகள் திறந்திருந்த காலம். நமுனுகுலப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து குடையோடு ஒருவர் வந்தார். தேயிலை நடுவதையும் மற்ற மலைவேலைகளையும் மேற்பார்க்கிற உத்தியோகத்தரைத் தோட்டத்தில் கண்டாக்கையா என்பார்கள். இவர் அப்படி ஒருவர். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவிகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. இளவயதில் ஒரு கலவரத்துக்குத் தப்பி மன்னார்ப் பக்கம் போய், அங்கே ஒரு கரையூரில் பிலோமினாவைக் கட்டிக்கொண்டு, தோட்டத்தில் வேலை கிடைத்ததும் அவளை மலைக்குக் கூட்டி வந்தவர். பிள்ளைகள் இல்லை. பிறகு சண்டை வந்து அவள் ஊரே காலியானது. இப்போது அவளுடைய அக்கா அந்த ஊருக்குத் திரும்பிவிட்டாளாம், நீயும் வா என்று கூப்பிடுகிறாளாம்.

அடுத்த தை மாதம் இவருக்கு ஓய்வு. ஓய்வு என்றால் தோட்டத்து வீட்டை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் மன்னாருக்குத்தான் என்று பிலோமினா ஒரே பிடியில் நிற்கிறாள். அவரோ பசறை ரோட்டில் ஒரு துண்டுக் காணி பார்த்து வைத்திருக்கிறார். அதனால் வீட்டுக்குள் ஒரு கடல் வேண்டும் என்றார். பாறை, பாசி, பவளம் எல்லாம் வைத்து. நான் உள்ளதைச் சொன்னேன். பவளம் இருத்திய தொட்டியை வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போக முடியாது. விடப்போகிற வீட்டில் எதற்கு இந்தச் செலவு? அவர் குடையை ஒரு தடவை விரித்து, மறுபடி மடக்கினார். "மலையை விட்டா எனக்கு மூச்சு முட்டும்மா. கடலை விட்டு அவளுக்கு முட்டுது. ஒரே வீட்ல ரெண்டையும் வச்சுப் பாக்கிறேனே, தை மாசத்துக்குள்ள அவ மனசு மாறாதா?"

பிறத்தியார் கடல்

வெலிமடையிலிருந்து லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு தெற்குக் கரைக்குப் போகிற லொறி, திரும்பி வரும்போது எனக்குக் கான்களில் கடல்நீர் கொண்டுவரும். அந்தக் கான்களைத் தோட்டத்து மண்பாதையில் ஏற்றிப்போய், கண்டாக்கையா வீட்டு முன்னறையில் தொட்டியை நிரப்பினோம். நமுனுகுலக் குளிருக்குத் தண்ணீரைச் சூடாக்கும் குழாய் ஒன்றும் போட்டேன். பிலோமினா அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்று பார்த்தாள். மெலிந்த, நெடிய பெண். மலைக்கு வந்து இத்தனை காலமாகியும் சேலையைக் கணுக்காலுக்கு மேலே, அலையில் நிற்பவள் போலத்தான் கட்டியிருந்தாள்.

கடைசிக் கானைச் சரித்தபோது வந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அவர் தேர்வு முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "இது எங்கட கடல் இல்லை அக்கா. ஆரோ பிறத்தியாற்ற கடல்."

நிரை பிடித்து நட்டது

பாறையை அடுக்கி, தண்ணீர் பழகுவதற்குப் பல வாரம் விட்டு, பிறகுதான் பவளத் துண்டுகளைக் கொண்டுபோனேன். வந்ததும் அவற்றைப் பைகளோடு தொட்டியில் மிதக்கவிட வேண்டும். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டுப் பழக்க வேண்டும். அந்த இடைவெளியில் பிலோமினா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். திரும்பி வந்தால் கண்டாக்கையா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு, என்னுடைய சாந்தில் பாதியைத் தீர்த்திருந்தார். பாறைச் சரிவில் குறுக்காக ஒரு கயிறு பிடித்து, ஒரே இடைவெளியில், வரிசைக்கு மேல் வரிசையாக எல்லாத் துண்டுகளையும் இருத்தியிருந்தார். புது மலையில் தேயிலைக் கன்று நடுவது எப்படியோ அப்படி. மண் அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் சிறுகல்லும் அணைத்திருந்தார்.

எனக்கு அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பவளம் பக்கத்தில் இருப்பதைக் கொட்டும். ஒன்றுக்கு வெளிச்சம் வேண்டும், ஒன்றுக்கு நிழல் வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் ஒரு சத்தம். பிலோமினா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலமாகியிருக்க வேண்டும். அவர் சாந்துக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். விடியக்காலையில் வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதை நினைத்து அவள் சொன்னாள்: "இனி ஒவ்வொருநாளும் பெரட்டு வச்சுப் பேரும் கூப்பிடுங்கோ, பிந்தி வந்ததுக்கு அரைநாள் சம்பளமெண்டு அரைப்பேர் போடுங்கோ!"

அவள் சொன்ன இடங்கள்

எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்தேன். பிலோமினா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அந்தக் குடை மாதிரி இருக்கிறதை மேல, தண்ணி அடிக்கிற மூலையில வையுங்கோ. இந்தத் தட்டையானது குகைக்குள்ளதான் கிடக்கும். அதுக்கு வெயில் ஆகாது." சிறுமியாக இருந்தபோது அப்பாவின் வள்ளத்திலிருந்து குனிந்து பார்த்ததாம். எந்தத் துண்டையும் நான் தீர்மானிக்கவில்லை. பல்துலக்கும் பிரஷால் பாறையைத் தேய்த்து, துண்டின் அடியில் பசை தொட்டு, அதன்மேல் சாந்து உருண்டை, அதன்மேல் மறுபடி பசை வைத்து, தண்ணீருக்குள் லேசாகத் திருகி அழுத்தி, கை கடுக்கும்வரை பிடித்துக்கொண்டேன். சாந்து தெரிகிற இடத்தில் மணலைத் தூவி மறைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக இன்னொரு தடவை நான் பவளம் இருத்தவில்லை.

அவர் என் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டார், ஒரு நல்ல செய்தியைச் சத்தமாகச் சொல்ல அஞ்சுகிறவர் போல: "அம்மா, இது நல்லா வேர் புடிச்சிருமில்ல? அப்புறம் யாராலயும் அசைக்க முடியாதுல்ல?"

கம்பளி

ஒரு மழைநாள் பகலில் நமுனுகுலப் பக்கம் மின்சாரம் போய்விட்டது. தண்ணீர் குளிர்ந்தால் பவளம் செத்துப்போகும் என்று நான் ஒரு தடவை சொல்லியிருந்தேன். அன்றைக்கு நான் ஏறிப்போனபோது தொட்டியைக் காணோம். முன்னறையில் கம்பளி போர்த்த ஏதோ ஒன்று நின்றது. தோட்டத்துப் பெண்கள் மழையில் தலைக்குப் போடுகிற அதே கறுப்புக் கம்பளி. வீட்டிலிருந்தது போதாமல் தொழிலாளர் லயத்தில் நாலு வீட்டில் இரவல் வாங்கி வந்திருந்தார். சுடுதண்ணீர் நிரப்பிய போத்தல்கள் தொட்டிக்குள் மிதந்தன. பைசிக்கிள் பம்பால் தண்ணீருக்குள் காற்றடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

பிலோமினா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பம்பு சீறுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, அவருக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தநேரம் ஒரு பனடோல் குளிசை தந்தவர், அக்கா."

வாயைப் பொத்திய பிள்ளை

அந்தக் குளிருக்குப் பிறகு மூலையில் இருந்த தோல்பவளம் மூடிக்கொண்டது. குடை போல விரிந்து, ஓராயிரம் சின்ன விரல்களை ஆட்டிக்கொண்டிருந்த அது, மொட்டைக்கல் மாதிரி ஆகிவிட்டது. அதே நாட்களில் மன்னாரிலிருந்து பிலோமினாவின் அக்கா தோட்டத்து ஆபீசுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். கிணறு இறைத்தாயிற்று, கூரைக்குத் தறப்பாள் கிடைத்துவிட்டது, நீ எப்போ வாறாய் என்று. அதிலிருந்து பிலோமினா வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கண்டாக்கையா எனக்கு அழைத்து, எது முதலில் என்று தெரியாமல், "பவளமும் விரியல, பிலோவும் பேசலம்மா" என்றார்.

போய்ப் பார்த்தேன். தோல்பவளம் மேல்தோலை உரிக்கிற காலத்தில் அப்படித்தான் மூடிக்கிடக்கும்; நாம் செய்யக்கூடியது காத்திருப்பது ஒன்றுதான். விதவைகளுக்கு அது பழகிய வேலை. சில நாளில் மெழுகுத்தாள் போல ஒரு தோல் கழன்று நீரோட்டத்தில் போனது. மறுநாள் பவளம் முழுவதுமாக விரிந்தது. அன்றைக்கும் நான் போயிருந்தேன். அவர் கிட்டத்தட்ட ஓடிப்போய் அவளை அடுப்படியிலிருந்து கூட்டி வந்தார். அவள் நெடுநேரம் பார்த்தாள். கண்ணாடியில் நெற்றி முட்டியது. பிறகு என்னிடம், அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "வடிவாத்தான் இருக்கு அக்கா. ஆனா கடலெண்டால் மணக்கும், நாறும், இரையும். இது வாயைப் பொத்தி வச்ச பிள்ளை மாதிரி."

துரையின் யோசனை

தோட்டத்து மனேஜர், எல்லோரும் துரை என்று சொல்கிற இளைஞர், ஒருநாள் தொட்டியைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒட்டிய இடமே தெரியவில்லையே என்று என்னைப் புகழ்ந்தார். எனக்கு அந்த வயதிலும் முகம் மலர்ந்தது. போகும்போது கண்டாக்கையாவின் தோளில் தட்டி, உதவி செய்கிற நினைப்போடு சொன்னார்: "தை மாசம் வர்ற புது ஆளுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு. இதை இங்கேயே விட்டுட்டுப் போங்களேன், அதுங்க சந்தோஷப்படும்."

கதவில்லாத வீடு

பிலோமினா ஊரைப் பார்த்துவிட்டு வரப் போனாள். அவர் கூடப் போகவில்லை. லீவு இல்லை என்றார். அவள் திரும்புவதற்கு முதல் நாள் என்னை அழைத்து, தொட்டியில் வெறுமையாக இருந்த ஒரு மூலையை நிரப்பச் சொன்னார். பொத்தான்பவளம் இருத்தினேன். அதற்கு நஞ்சு உண்டு என்பதால் கையுறையோடு வேலை செய்யும்போது விரலின் உணர்வு பாதி போய்விடும். ஆனாலும் பச்சைப் பொத்தான்களை ஒரு பிடி சிதறினாற்போல வைத்து முடித்தேன்.

வந்தவளின் முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஆற அமர உட்கார்ந்து, கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வீட்டுக்குக் கதவு இல்லை. ஜன்னல் நிலைகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கோயிலுக்கு ஓடு இல்லை. தென்னை எல்லாம் தலை இல்லாமல் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் கண்டாக்கையா "ஐயோ பாவமே" என்றார். ஒவ்வொரு "ஐயோ"வுக்கும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கடைசியில், "அப்ப அங்க இருக்க முடியாதுல்ல, பிலோ?" என்று கேட்டார். அவள் புதிதாக வைத்த பச்சை மூலையைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று தலையை அசைத்தாள். பிறகு சொன்னாள்: "கதவில்லாத வீடுதான். ஆனா என்னை எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாத வீடு."

கண்டாக்கையாவின் தகப்பனும் தாத்தாவும் அவரும் இந்த மலைகளிலேயே பிறந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு வீடு இருந்ததில்லை.

கழற்றுவது

பவளம் இருத்தச் சொல்லித்தர ஆள் உண்டு. கழற்றச் சொல்லித்தர யாரும் இல்லை. தை பிறப்பதற்கு முன் அந்த வேலைக்குத்தான் போனேன். பிலோமினா மன்னாருக்குப் போகிறாள் என்று முடிவாகிவிட்டது. பசறை ரோட்டுக் காணியில் வீடு எழும்பும் வரை பதுளையில் ஒரு அறை எடுத்து இருக்கப்போவதாக அவர் சொன்னார். இருவரும் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை. பாத்திரங்களை இரண்டாகப் பிரித்து, அவருக்கென்று ஒரு சட்டியும் ஒரு கேத்தலும் தனியாக வைத்திருந்தாள். எல்ல என்ற ஊரில் விடுதி நடத்துகிற ஒருவர் பாறைகளை எடுக்க வருவதாக இருந்தது. அதற்கு முன் பிலோமினா ஒன்று கேட்டாள்: அந்த மூலையில் இருக்கிற தோல்பவளத்தைக் கொண்டுபோய்க் கடலில் விட வேண்டும்.

அசைத்துப் பார்த்தேன். அது என் சாந்தைத் தாண்டிப் பாறைமேல் பரவியிருந்தது, இழுத்தால் கிழியும். கண்டாக்கையா உள்ளே போய்த் தன் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தார். தேயிலைச் செடியை வெட்டித் துளிர்க்கவிடுகிற வளைந்த கத்தி. கொதிநீரில் கழுவினார். தண்ணீருக்குள் கை விட்டு, குடையின் ஓரத்தைச் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டின இடம் வழுவழுக்கும், பசை பிடிக்காது. ஆகவே துண்டை ஒரு சிறு கல்லில் பருத்தி நூலால் கட்டினேன். மூடி போட்ட கானில் வைத்து பதுளை பஸ் நிலையம் வரை அவரே சுமந்து வந்தார். பஸ் ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்துவிட்டு, "பத்திரமா பாத்துக்க, பிலோ" என்றார். அவள் குனிந்து அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "எதைச் சொல்றியள், கானையோ என்னையோ?"

மன்னாரிலிருந்து ஓர் அழைப்பு

அதன்பிறகு அவர் தினமும் என் கடைக்கு வந்து உட்காருவார். வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லை. தங்கமீன்களுக்குத் தீனி போடுவார். காணியைப் பற்றிக் கேட்டால், மழை விடட்டும் என்பார். மழை விட்டது. மறுபடி பெய்தது. அவர் சட்டையின் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது, அது அப்படியே இருந்தது.

ஒரு முற்பகலில் தொலைபேசி அடித்தது. பிலோமினா. பின்னால் காற்றின் இரைச்சல். மாதாகோயிலுக்கு நேரே, இடுப்பளவு தண்ணீரில், ஒரு கல்லிடுக்கில் அதை வைத்தாளாம். விரிகிறதாம். "அது பிடிச்சிட்டுதோ தெரியேல்லை அக்கா. நூலை எப்ப அவிழ்க்கிறது?" என்று கேட்டாள். நான் ரிசீவரை நீட்டினேன். கண்டாக்கையா வாங்கவில்லை. கையிலிருந்த மீன்தீனியை டப்பாவுக்குள் திரும்பப் போட்டு, மூடியை இறுக்கினார். வாசலுக்குப் போய் நமுனுகுல மலை இருக்கிற திசையைப் பார்த்தார். அன்றைக்கு முகில் மூடி ஒன்றும் தெரியவில்லை. அங்கே நின்றபடியே சொன்னார்: "அவள நூல அவிழ்க்க வேணாம்னு சொல்லுங்கம்மா. கத்தி புடிக்கத் தெரியாது அவளுக்கு, கிழிச்சிருவா. நான் வந்து அவிழ்க்கிறேன்."

அந்த வாரமே மன்னாருக்குப் போனார். அங்கிருந்து இருவரும் எனக்குச் சில தடவை பேசினார்கள். பிறகு சண்டை திரும்ப மூண்டு, அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இத்தனை வருடத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடியே நான் கொடுத்தேன் என்று சொல்ல முடிந்தால், அது, கடல் கேட்டு வந்த அவர் கடலுக்கே பஸ் ஏறிய அந்த ஒரு தடவைதான்.